பெருமக்கள் பகுதி

“பேரைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுறவங்களைப் பார்த்திருக்கேன் சித்தப்பா. எடுக்கச் சொல்லி வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

லியாவ் குலத்தின் வம்சப் புத்தகத்தைத் தொகுக்கும் ஷௌயி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வயதில், எதிரே நின்ற தெகுவானைவிட எட்டு ஆண்டு மூத்தவர்; தலைமுறைக் கணக்கில் ஒரு படி கீழே. அதனால் தெகுவான் அவருக்குச் சித்தப்பா.

குல மண்டபத்து மேசையில் அச்சுப் பிரதிகள் கிடந்தன. ‘லியாவ் பெருமக்கள்’ பகுதியில் ஒரு படைத்தலைவர், இரண்டு அமைச்சர்கள், ஒரு வைத்தியர். கடைசியாக, தெகுவானின் மகன், பாலப் பொறியாளர் ஜிங்யுவான்.

“அவன் அப்படி என்ன கிழிச்சுட்டான்? ஆறே ஆறு பாலம். பேரை அடிச்சுடுங்க.”

“ஆறு பாலம் சின்ன விஷயமா? கோழிப்பண்ணை ஹுவா தன் அப்பா பேரைப் போடச் சொல்லி நாலு நாளா என் உயிரை எடுக்கிறான். அந்த மனுஷன் செஞ்ச ஒரே சாதனை, தொண்ணூறு வயசு வரைக்கும் ஒரு பல்லும் விழாம இருந்தது.”

தெகுவான் சிரிக்கவில்லை.

“நாளைக்கு அச்சுக்குப் போகுது சித்தப்பா. விட்டா அடுத்த பதிப்பு இன்னும் முப்பது வருஷம் கழிச்சுத்தான்.”

“பரவாயில்லை. புத்தகம் வீட்டுக்கு வந்தா உங்க சித்தி ஷுலான் ஒரு எழுத்து விடாம படிப்பா. இந்தப் பக்கத்தைப் பார்த்தா தாங்க மாட்டா.”

“சித்தியா?” ஷௌயி நிமிர்ந்தார். “ஏன் தாங்க மாட்டாங்க?”

தெகுவான் தொப்பியைக் கையில் கசக்கினார்.

“உயிரோட இருக்கிறவங்களை இந்தப் பகுதியில போடறதில்லைன்னு அவளுக்குத் தெரியும். பையன் வேலை செஞ்ச இடத்துல விழுந்து உயிர் போய் ரெண்டு வருஷமாச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டேன். அவளுக்கு இதய நோய். வெளிநாட்டுல பாலம் கட்டறான்னு சொல்லி, அவன் போன்லேருந்து நானே தினம் செய்தி அனுப்பறேன். அவளும் ‘சாப்பிட்டியா’ன்னு பதில் போடறா.”

ஷௌயி கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவி அவர் முன்னால் வைத்தார். புகைப்படம், பிறந்த தேதி, இறந்த தேதி. எல்லாம் சரியாக இருந்தன.

“சித்தி போன வாரம் வந்து கொடுத்தது. ‘அவரால இதை எழுத முடியாது, நானே எழுதித் தரேன்’னாங்க.”