கேள்விக்குறிகள்

ஒரே ஒரு வரித் திருத்தம்தான். ஆனாலும் விஜிதரன் உடனே சம்மதம் கொடுக்கவில்லை.

ஹட்டனில் காலையிலிருந்து மழை விடவில்லை. கரண்ட் போய்விட்டது. ஆசிரியர் விடுதியில் ஜன்னலோரம் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைத்தது.

மண்சரிவு வரப்போகிறது என்று தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருள் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கணினி படிப்பிக்க வந்த விஜிதரன் தொடங்கியது. அதன் நிரலை யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தலாம். ரொறன்ரோவிலிருந்துகூடத் திருத்தம் வரும். எது உள்ளே போகலாம் என்று முடிவு செய்வது மட்டும் அவன்.

அதில் அவன் கறார்.

போன வருடம் யாரோ அவசரத்தில் எழுதிய திருத்தம் ஒன்றை நம்பி உள்ளே விட்டான். பொய் எச்சரிக்கை போய்விட்டது. கொட்டும் மழையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம், திரும்பி வந்து அவனைத் திட்டித் தீர்த்தது. அதன்பிறகு கேட்க வேண்டியதைக் கேட்காமல் எதையும் அவன் விடுவதில்லை.

இந்த ஒரு வரித் திருத்தத்தை அனுப்பியவள் தனுஷிகா. புதியவள். தமிழ்ச் செய்தி வெறும் கேள்விக்குறிகளாகப் போகிறது, உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள்.

தலைப்பு விதிப்படி இல்லை என்றான். மாற்றினாள்.

பிழை எப்படி வந்தது என்று கேட்டான். அண்மையில் அவனே சம்மதம் கொடுத்த ஒரு திருத்தத்தைச் சுட்டிக் காட்டினாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இதனால் வேறு எங்காவது இடிக்குமா என்று கேட்டான். அதற்கும் விளக்கம் எழுதினாள். ஆனால் வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. எழுத்துகள் விட்டுப்போயிருந்தன.

கடைசியாக, சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

"ஆமா சார். எம் போனுக்கே அப்படித்தான் வந்துச்சு."

சொந்தப் போனிலேயே சோதித்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு சம்மதம் கொடுத்தான். நன்றி சொல்லி, அடுத்த முறை விதிகளை முதலிலேயே வாசித்துவிட்டு வரும்படியும் எழுதினான்.

பதில் வரவில்லை.

மண் விழுந்து மூடிய பாதை திறந்ததும், எச்சரிக்கை ஒழுங்காகப் போனதா என்று விசாரிக்க வட்டவளைப் பக்கம் மண் சரிந்த தோட்டத்துக்குப் போனான். சனமெல்லாம் பாடசாலையில் தங்கியிருந்தது.

முதலில் வந்தது ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் கேள்விக்குறி என்றார்கள். பிறகு தமிழில் வந்ததாம். வாசித்த கையோடு கீழ் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கோயில் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அவர்கள் ஏறி முடிக்கவும் மலை இறங்கியிருக்கிறது. ஒரு கிழவர் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாகலெட்சுமி என்ற பெண் மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் செய்தி வந்ததா என்று கேட்டான்.

"எம்மவ மொத மெசேஜுலயே புரிஞ்சிகிட்டா சார். எங்க லயத்தையே மேல ஏத்தி விட்டுட்டா. யாரோ ஒரு சாரு கேள்வி கேட்டுகிட்டே இருக்காரு, மேல போனா சிக்னல் இருக்காது, பதில் சொல்லிட்டு வந்துர்றேம்மான்னு உக்காந்துட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எந்த சாருன்னுதான் தெரியலைங்க."