மரிசோல் பாறை

செவ்வாய் கிரகத்தில் என் பெயரில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஊர்ந்து போகும் ரோவரை இங்கே பசடேனாவில் உட்கார்ந்தபடி ஓட்டுகிறவர் என் கணவர் எஸ்தெபான். "ஒரு பாறைக்கு மரிசோல்னு உன் பேரை வச்சாச்சு" என்று அவர் போனில் சொன்ன அன்றே, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று அவருடைய ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கும் நாள்.

"கூட்டம் நெரியும், நீ வராதே" என்றிருந்தார். என் பாறையை நான் பார்க்க வேண்டாமா? அவரிடம் சொல்லாமலே போய் நின்றேன்.

பெரிய திரையில், சிவப்பு மண்ணில், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஹெய்லி என்று பெயரட்டை மாட்டிய பெண் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இந்த மரிசோல்?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"எங்க எஸ்தெபானோட மனைவிங்க. அவர் இந்தப் பேரைக் கேட்டப்போ டீம்ல எல்லாருமே அழுதுட்டோம்."

எனக்கும் கண் கலங்கியது. "கொடுத்து வச்சவ!"

ஹெய்லி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, விரலில் மின்னிய புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த மாசம் அவருக்கும் எனக்கும் கல்யாணம். என் பேரையும் ஒரு கல்லுக்கு வைங்கன்னேன். 'வாயைக் கழுவு'ன்னு திட்டிட்டாரு."

"ஏன்?" என்றேன்.

"உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கக் கூடாதுங்க. அது எங்க டீம் விதி. ஆமா, உங்க பேரு என்ன?"

நான் திரையைக் காட்டினேன்.