எட்டாவது நேயர்

பன்னிரண்டு வருடம் கழித்து ரெஜினா பாடிய பாட்டு முதல் பத்துக்குள் வருமா என்று பண்பலையில் நேயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் வரும் என்றார்கள். எட்டாவதாகப் பேசிய பெண் குரலை மாற்றியிருந்தாள். "பேரு வேண்டாம் சார். வராது. சரணத்துல மேல போறப்ப உடையுது, துண்டு துண்டாப் பாடி ஒட்டியிருக்காங்க."

ஒலிப்பதிவு அன்று கூடத்தில் ரெஜினாவோடு பொறியாளரையும் அவள் அக்கா ஸ்டெல்லாவையும் தவிர யாருமில்லை.

ரெஜினா ரேடியோவை அணைத்தபோது மொட்டைமாடியிலிருந்து செல்போனோடு ஸ்டெல்லா இறங்கி வந்தாள். "என்னடி சொல்றாங்க?"

"எல்லாரும் வரும்னுதான் சொல்றாங்கக்கா."

"நானும் அதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன்" என்று ஸ்டெல்லா அவள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். ரெஜினா கண்களை மூடிக்கொண்டாள். போனைப் பிடித்திருந்த அக்காவின் விரல் இன்னும் சூடாக இருந்தது.