தாலாட்டின் வருமானம்

விழித்திருக்கும் கண்கள் விளம்பரத்தைப் பார்த்தால் மட்டுமே வீடியோவுக்குக் காசு கிடைக்கும் காலம் அது. தாலாட்டுப் பாடி வெளியிடும் பூங்குழலிக்கு லட்சம் ரசிகர்கள் உண்டு. ஆனால் பாட்டின் முடிவில் விளம்பரம் வரும்போது ஒருவரும் விழித்திருப்பதில்லை. வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்.

“பாட்டுக்கு நடுவுல விளம்பரத்தப் போடு. எல்லாரும் முழிச்சுப்பாங்க,” என்றார் இரவு லாரி ஓட்டும் கணவர் தணிகாசலம். அவ்வாறே செய்தாள், காசு வந்தது.

மறுநாள் காலை வீடு திரும்பியவர், வழக்கம்போல அவள் பாட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். கண் சொக்கும் வேளையில் சோப்பு விளம்பரம் அலறியது.

“எவன் இத நடுவுல வெச்சது?”

“உங்க யோசனைதாங்க.”

“எடுத்துடு தாயே. வாடகைக்கு நான் இன்னொரு லோடு அடிக்கிறேன்.”

சிரித்தபடி அவள் நீக்கினாள். அன்று லட்சம் பேர் நிம்மதியாக உறங்கினார்கள். அவர்களுள் ஒருவருடைய குறட்டை மட்டும் அவளுக்குக் கேட்டது.