ஓட்டில் வென்ற முகம்

மறைந்த நடிகர் மார்த்தாண்டனின் சிலைக்கு எந்த முகம் வைப்பது என்று ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். வென்ற முகத்தை அரசு பதிவு செய்ததும், உலகத்துத் திரைகளில் இருந்த அவருடைய படங்கள் எல்லாம் அந்த முகத்துக்கு மாறின.

திறப்பு விழாவில் சிலையைப் பார்த்த மனைவி பத்மாசனி அலறினாள். "இது அவர் இல்லை! அவருக்கு மூக்கு கோணல்!"

"கோணல் மூக்குக்கு எவன் அண்ணி பாலாபிஷேகம் பண்ணுவான்?" என்று சிரித்தார் ரசிகர் மன்றத் தலைவர்.

பத்மாசனி கைப்பையிலிருந்து பழைய காகிதப் புகைப்படத்தை எடுத்து, விழாவுக்கு வந்திருந்த அரசு அதிகாரியிடம் நீட்டினாள். அவர்களுடைய கல்யாணப் படம்; அதில் மாப்பிள்ளையின் மூக்கு இன்னும் கோணலாகவே இருந்தது.

அதிகாரி படத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் மெல்ல நெருங்கி வந்து அவளைச் சூழ்ந்தது.

"ஏம்மா," என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "ஐயாவுக்கு முன்னாடி உங்களுக்கு இன்னொரு கல்யாணம் ஆச்சா?"