நாலு நட்டு

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது. நனைவதற்கு இங்கே தண்ணீர் இல்லை.

உள்கடல் என்று ஊரார் சொன்ன அந்தப் பெரிய காயல் வற்றி ஐந்து வருஷம் ஆகிறது. வெடித்த சேறு, மேலே உப்பு, அதற்கும் மேலே வெயில். படகுத்துறைப் படிகள் இறங்கிப் போய் ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தன.

காயல் வற்றியதும் பிழைக்கப் போன ஊரிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சந்தான் மைனி," என்றான் கொழுந்தன் அமலதாஸ். அரை மணி நேரமாக இதையேதான் சொல்கிறான்.

அவள் பையில் ஒரு புதுத் தலையணை உறை இருந்தது. ஒரு எலும்பு கிடைத்தால்கூடப் போதும், அதில் வைத்து எடுத்துப்போய்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கிவிடலாம். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு புயல் நாளில் போன புருஷன் கஸ்பார் திரும்பவில்லை. படகும் திரும்பவில்லை. எங்காவது ஒரு சிலுவையை நட்டுவிட்டால் அவள் கொஞ்சம் படுத்துத் தூங்குவாள்.

உப்பளத்துக்குத் தோண்டியவர்கள் நேற்றுதான் படகைச் சேற்றிலிருந்து வெளியே எடுத்திருந்தார்கள்.

அவளே உள்ளே ஏறினாள். கையால் அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

சேறு. சிப்பி. எலும்பு இல்லை.

இன்ஜினும் இல்லை.

இன்ஜின் இருந்த கட்டையில் நாலு போல்ட். இன்ஜினைக் கழற்றித் தூக்கிவிட்டு, நாலிலும் நட்டைத் திரும்ப மாட்டியிருந்தார்கள் யாரோ. துருவேறி ஒட்டிப்போயிருந்தன.

யாரோ என்ன யாரோ. எதைக் கழற்றினாலும் நட்டு தொலையாமல் அதே போல்ட்டில் மாட்டிவைக்கிறவன் கஸ்பார்தான். புயலுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட அப்புறம்தான் வரும் போலிருந்தது. இப்போதைக்கு அலுப்பு. இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்காக முழந்தாளிட்ட அலுப்பு.

அமலதாஸ் வேன் ஓட்டுகிறவன், படகு அறியாதவன். நட்டையெல்லாம் அவன் பார்க்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டான்.

"அண்ணனக் கடலு மொத்தமா கொண்டு போயிட்டு மைனி. இந்த வருசப் பூசைக்கும் பேரு குடுத்துருதேன்."

"பசிக்குது தம்பி," என்றாள்.

சாலையோரம் ஒரு ஓட்டல். இப்போது இந்த ஊருக்கே மீன் வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. அமலதாஸ் தனக்கு மீன் சாப்பாடும் அவளுக்குச் சாம்பார் சாதமும் சொன்னான். கஸ்பார் போன நாளிலிருந்து அவள் மீன் தொடுவதில்லை. அவனைத் தின்ற மீனாக இருந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கும் மீனே சொல்லு தம்பி," என்றாள்.