நூறாவது டப்பா

"இன்னிக்கு அந்த டப்பா நிறையாம நான் இங்கேருந்து நகர மாட்டேன் தம்பி."

லாரிக்கு அடியில் மெக்கானிக் படுத்திருந்தான். செருப்பில்லாத இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவையும் மெல்ல உள்ளே போயின.

டப்பாக்கா குனிந்து பார்த்தாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் சிறுநீர் பிடிக்கிற, மூடி போட்ட குட்டி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, "கிட்னி சொல்லிட்டுக் கெடாது, சோதிச்சுப் பாருங்க" என்று பட்டறைத் தெருவை ஒரு வருஷமாகச் சுற்றியதில் அந்தப் பேர் அவளுக்கே மறந்துபோயிற்று. வெயிலில் வெந்து, தண்ணீர் குடிக்க மறந்து, முதுகுவலி மாத்திரையைக் கடலை மாதிரி மெல்லுகிற ஆட்கள் அந்தத் தெருவில் சரியாக நூறு பேர். தொண்ணூற்றொன்பது பேர் டப்பா தந்தாயிற்று. எச்சில் கையால் காக்கா ஓட்டாத டயர்க்கடைக்காரர்கூட, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு தந்துவிட்டார்.

பாக்கி இந்த மெக்கானிக் ஒருத்தன்தான். அவள் தலை தெரிந்தால் மாயமாகிவிடுவான். ஒருமுறை காலி டீசல் டாங்கிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். மூன்று நாள் அங்கேயே குடித்தனம் நடத்தினான் என்று டயர்க்கடைக்காரர் சத்தியம் செய்வார்.

"எங்கப்பா நல்லாத்தான்க்கா இருந்தாரு," என்றது லாரி. "சோதிச்சாங்க. கிட்னி போச்சுன்னாங்க. ஆறே மாசம். தெரியாத வரைக்கும் வியாதி இல்லக்கா."

"அவரு கடைசியில சோதிச்சாரு. உன்னை முதல்லயே சோதிக்கச் சொல்றேன். பத்து மணிக்கு நிதி அதிகாரி வர்றாரு. நூறு பேர்னு எழுதிக் கொடுத்திருக்கோம். ஒண்ணு குறைஞ்சாலும் என்னோட சேர்ந்து சுத்தற ஆறு பேருக்கும் நாளையிலேர்ந்து வேலை இல்ல, இந்தத் தெருவை எட்டிப் பார்க்கவும் நாதி இல்ல. இப்ப டப்பா தர்றியா, உன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரட்டா?"

கால்கள் சட்டென்று வெளியே வந்தன. பின்னாலேயே முழு ஆளும் வந்தான்.

"அவளை எதுக்குக்கா இழுக்கறீங்க? வெச்சிட்டுப் போங்க. டப்பா தானா வரும்."

பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி பதினொன்றேகாலுக்குத்தான் அவள் அலுவலக அறைக்குள் நுழைந்தார். நெற்றியில் வேர்வை, நடையில் ஒரு நிம்மதி.

"ரொம்பக் கண்டிப்பான தெரும்மா உங்களோடது," என்றார் உட்கார்ந்தபடி.

டப்பாக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது இடியாக இறங்கியது.

"உள்ளதைச் சொல்லிடறேன். இந்த நிதியில ஒரு டயாலிசிஸ் மிஷின் வாங்கிப் போட்டா என்னன்னு மேலிடத்துல நினைக்கறாங்க. மிஷின்னா ரிப்பன் வெட்டலாம், பேரு எழுதலாம். வராத வியாதி மேல எங்கம்மா பேரு எழுதறது?"

"மிஷின் வேணாம்னு சொல்லல சார். அந்த மிஷின் வரைக்கும் ஆள் போகாம பார்த்துக்கறோம்னுதான் சொல்றோம். இந்தத் தெருவுல மட்டும் ஏழு பேரை ஆரம்பத்துலயே பிடிச்சிருக்கோம்."

"நூறுன்னு எழுதியிருக்கீங்க. இங்க தொண்ணூத்தொம்பதுதானே இருக்கு?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. மெக்கானிக். கையில் நிறைந்த டப்பா. அதிகாரியைப் பார்த்ததும் பேயறைந்தவன் மாதிரி நின்றுவிட்டான்.

"அட, நீயா? வாப்பா," என்றார் அதிகாரி. "தெருமுனையில என் வண்டி புகையா விட்டுக்கிட்டு நின்னுபோச்சும்மா. இவன்தான் ஒரு மணி நேரத்துல உயிர் கொடுத்தான். தங்கமான கை."

மெக்கானிக் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "அக்கா, நான் நாளைக்கு வேற டப்பா..."

"நாளைக்கா?" கோழிக்குஞ்சைப் பருந்து தூக்குகிற மாதிரி அவள் டப்பாவைப் பறித்தாள். மூடியைத் திறந்து மஞ்சள் காகிதப் பட்டையை முக்கி எடுத்தாள்.

பட்டை பச்சையானது. கொஞ்சநஞ்சப் பச்சை இல்லை, கிளி பார்த்தால் சொந்தம் கொண்டாடும்.

"புரதம் இறங்குது சார். இதை மட்டும் வெச்சு முடிவு சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியில ரத்தமும் பார்க்கணும். ஆனா இப்பவே கவனிச்சா, அந்த மிஷின் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாம வாழ்ந்துடலாம்."

"உனக்கு வலி கிலி ஏதாவது இருக்காப்பா?" அதிகாரி பதறினார்.

"எனக்கா? இல்லீங்களே."

"அதான் சார் இந்த வியாதி. வலிக்கவே வலிக்காது," என்றாள் டப்பாக்கா.

அதிகாரி எழுந்தே விட்டார். "காளை மாதிரி இருக்கான், இவனுக்கே இப்படியா? இந்தம்மா வீடு வீடா வராட்டி இது என்னிக்குத் தெரிஞ்சிருக்கும்? உடம்பு மேல கொஞ்சமாவது அக்கறை வேணாமா? என்னைப் பாரு. அம்பத்தெட்டு வயசு. இன்னி வரைக்கும் ஒரு டாக்டர் வாசலை மிதிச்சதில்ல."

அதே வேகத்தில் பேனாவைத் திறந்தார். மூன்று வருஷ நிதிக்கும் ஒரே கையெழுத்து. காகிதம் கிழியாதது அதிசயம். டப்பாக்கா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்தாள்.

"வாப்பா, என் வண்டியில ஏறு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்." அதிகாரி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

மெக்கானிக் கதவுநிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி ஆஸ்பத்திரிக்கே போகட்டுங்கய்யா, நான்தான் வரத் தேவையில்ல. காலையில பட்டறையில 'அவசரம்ப்பா, பாத்ரூம் எங்க'ன்னு கேட்டீங்களே... அப்ப ஒரு டப்பாவை நீட்டி, 'இந்தத் தெருவுல இதை நிரப்பாம யாரையும் உள்ள விடறதில்ல'ன்னு சொன்னேனே, அந்த டப்பாதாங்க இது."